மரத்திற்குப் பார்த்த நேரம் மனிதனுக்கும் பார்க்கலாமே!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



நம் உடம்பில் தெம்பு இருக்கும் நேரம் பார்த்து அன்றாட வேலையை வகுத்துக்கொள்ளச் செயற்கை நுண்ணறிவு உதவுமா? இதுதான் கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டவுடன், இது கோலாலம்பூர் மாடிக் கட்டடங்களில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் சங்கதி என்று சிலர் நினைக்கலாம். அப்படி ஒதுக்கிவிட வேண்டாம். 2022-ஆம் ஆண்டு இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. 2024 டிசம்பரில் நம் அரசாங்கம் தேசிய செயற்கை நுண்ணறிவு அலுவலகத்தையே தொடங்கிவிட்டது. இன்று கைத்தொலைபேசி உள்ள வீட்டிலெல்லாம் இந்தக் கருவி நுழைந்துவிட்டது. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. தெம்பு இருக்கும் நேரம் பார்த்து வேலையை வகுப்பது நமக்குப் புதிதல்ல. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் நம் பாட்டன் பாட்டிமார் அந்த ஒழுங்கில்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அங்கே தெம்பு பார்க்கப்பட்டது மரத்திற்கு. மனிதனின் தெம்பை யாரும் கேட்கவில்லை.

பால் மரம் வைத்த நேரம்

ரந்தாவ், லாபு, லிங்கி, போர்ட்டிக்சன், பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள்தாம். பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பேர் கொடுத்த பின் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனக்குரிய நிரைக்குப் போக வேண்டும். நானூறு ஐந்நூறு மரங்களை வெட்டி முடித்து, மங்குகளில் பால் நிறையும்வரை காத்திருந்து, வாளியில் சேர்த்துக் காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகும் பெண்களுக்கோ நாள் இன்னும் சில மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடும். பால் வெட்டிய பாட்டி ஒருவரின் பேத்தி நான். இவற்றையெல்லாம் கதைபோலக் கேட்டு வளர்ந்தவள்.

ஏன் அந்த இருட்டு வேளை? துரையின் பிடிவாதம் மட்டுமே காரணமில்லை. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் மெல்லிய பால் நாளங்கள் இருக்கின்றன. இரவில் இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறாததால், வேர் உறிஞ்சிய நீர் மரத்திலேயே தங்கி, விடியற்காலையில் அந்த நாளங்களில் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றழுத்தத்தைப்போல் அது பல மடங்கு! அந்த நேரத்தில் வெட்டினால் பால் வேகமாகவும் நீண்ட நேரமும் வடியும். வெயில் ஏற ஏற, இலைகள் நீரை இழக்கின்றன, அழுத்தம் இறங்குகிறது, பாலும் குறைகிறது. அதே கத்தி, அதே கை, அதே மரம்தான். நேரம் தவறினால் விளைச்சல் தவறும்.

எந்த நேரத்தில் வெட்டுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது, எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று ஆராய்வதற்கு இந்த நாட்டில் 1925-ஆம் ஆண்டிலேயே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. மரத்தின் தெம்புக்கு அவ்வளவு அக்கறை! பால் வெட்டுபவரின் தெம்புக்கு அப்படி ஓர் அக்கறை இருந்ததா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் போராடியபோது, துரைமார் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையைக் கேட்டார்கள் என்பதை நாம் அறிவோம். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பதும் அதே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. நேரத்துக்கான போராட்டம் நம் சமூகத்துக்குப் பழைய போராட்டம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

மரத்துக்கு இருப்பதுபோல் மனித உடம்புக்கும் நேர ஒழுங்கு உண்டு. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, தலைமைக் கடிகாரம்போல் ஒரு சிறு பகுதி இருக்கிறது. கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தைக் கொண்டுதான் அது ஒவ்வொரு நாளும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. உடம்பின் சூடு, தூக்கம், பசி, கவனம் அனைத்தும் அதன் தாளத்துக்கு ஏறி இறங்குகின்றன. பெரும்பாலோருக்கு விடியலுக்கு முன்பாக உடம்புச் சூடும் கவனமும் தாழ்ந்திருக்கும். காலையில் மெல்ல ஏறும். பிற்பகலில் ஒரு சோர்வு வரும். சோறு தின்றதால்தான் அந்தச் சோர்வு என்று நாம் சோற்றைக் குறை சொல்கிறோம். வயிறு முட்டச் சாப்பிட்டால் அது கூடும் என்பது உண்மையே. ஆனால் சாப்பிடாதவர்களுக்கும் பிற்பகலில் அந்தத் தளர்ச்சி வருவதுண்டு. மாலையில் மறுபடியும் ஓரளவு தெம்பு திரும்பும்.

இது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலர் விடியலில் சுறுசுறுப்பு. சிலர் இரவில்தான் சுறுசுறுப்பு. யார் எந்த வகை என்று அறிய 1976-ஆம் ஆண்டிலேயே ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். வயதும் இதை மாற்றுகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப் போகும். வயது ஏற ஏற முன்னுக்கு வரும். காலையில் எழ மறுக்கும் மகனைச் "சோம்பேறி" என்று திட்டும் தாத்தா, தாம் மூன்றரை மணிக்கே விழித்துக்கொள்வதை எண்ணிப் பார்க்க வேண்டும். இருவரிடமும் குற்றமில்லை. இருவரின் கடிகாரமும் வேறு, அவ்வளவுதான்.

சிரம்பான் கடிகாரமும் சிரம்பான் சூரியனும்

இங்கே பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு 11.30 மணிக்கு, தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி நள்ளிரவு 12 ஆக்கினோம். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சிரம்பான் ஏறத்தாழ 102 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சூரியனைக் கொண்டு கணக்கிட்டால், நம் கடிகாரம் ஏறக்குறைய 1 மணி 10 நிமிடம் முந்திப் போகிறது. கடிகாரத்தில் காலை 8 என்றால், சூரியக் கணக்கில் 6.50-தான். உச்சி வெயில் நமக்கு ஒரு மணியைக் கடந்த பிறகே வருவதும் இதனால்தான்.

இதற்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? "எனக்கு ஒரு நாள் திட்டம் போட்டுக் கொடு" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். காலை 5 மணிக்கு எழு, தியானம் செய், ஓடு, 9 முதல் 11 வரை முக்கிய வேலை செய் என்று அழகான பட்டியல் வந்துவிடும். அது யாருடைய உடம்பு? உலகெங்கும் எழுதப்பட்ட கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அவற்றில் அடிக்கடி வரும் பாங்கைக் கொண்டு விடை சொல்லும் கருவி அது. எங்கோ ஓர் ஊரில் காலை 5 மணிக்கே பொழுது விடியலாம். சிரம்பானில் 5 மணி என்பது சூரியன் எழுவதற்கு இரண்டு மணி நேரம் முந்திய கும்மிருட்டு. கருவிக்கு உங்கள் ஊரும் தெரியாது, உங்கள் உடம்பும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

எதை, எந்த வரிசையில் சொல்வது? திருக்குறளில் 48-ஆவது அதிகாரம் வலியறிதல். 49-ஆவது காலமறிதல். 50-ஆவது இடனறிதல். வள்ளுவர் அவற்றை அரசனுக்குச் சொன்னார். அந்த வரிசை நமக்கும் பொருந்தும். முதலில் நம் வலிமையை அளக்க வேண்டும். பிறகு காலத்தைப் பார்க்க வேண்டும். பிறகு நாம் நிற்கும் இடத்தை அறிய வேண்டும்.

வலியறிதல்: பதினான்கு நாள் செக்ரோல்

தோட்டத்துக் கிராணியார் செக்ரோல் எழுதுவார். யார் வந்தார், யார் வரவில்லை, எவ்வளவு பால் என்று நாள் தவறாமல் பதிவாகும். நம் உடம்புக்கும் அப்படி ஒரு செக்ரோல் போடுவோம். கணினி வேண்டாம். மளிகைக்கடையில் கிடைக்கும் 555 குறிப்புப் புத்தகமே போதும்.

ஒரு நாளில் ஐந்து முறை, எடுத்துக்காட்டாகக் காலை 7, 10, பிற்பகல் 1, மாலை 4, இரவு 8 மணிக்கு, உங்கள் தெம்புக்கு 1 முதல் 5 வரை ஒரு புள்ளி போடுங்கள். கண் சொக்குகிறது என்றால் 1. கணக்கைக் கொடுத்தால் ஒரே மூச்சில் முடிப்பேன் என்றால் 5. அதன் பக்கத்தில் மூன்றே குறிப்புகள்: இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எப்போது என்ன சாப்பிட்டீர்கள், தே தாரிக் அல்லது காப்பி எப்போது குடித்தீர்கள். மருந்து எடுப்பவர்கள் அந்த நேரத்தையும் எழுத வேண்டும். மாதவிலக்கு நாட்களைச் சகோதரிகள் குறித்துவைத்தால், சில மாதங்களில் அதற்கும் ஓர் ஒழுங்கு தெரியவரலாம்.

காப்பியை ஏன் எழுத வேண்டும்? அதில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம்போல் ஆகிறது. மாலை 5 மணிக்குக் குடித்த காப்பியில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரவில் தூக்கம் வராததற்கும், மறுநாள் காலை தெம்பு இல்லாததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது வரும் கைக்கடிகாரங்கள் சில, "உங்கள் தெம்பு இன்று 62" என்று எண்ணே காட்டுகின்றன. இதயத் துடிப்பையும் தூக்கத்தையும் வைத்துப் போடும் மதிப்பீடு அது. உங்கள் மனக் களைப்பை அதனால் நேரில் பார்க்க முடியாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பு உங்களுடையதாக இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. பதினான்கு நாளும் எல்லா நேரமும் 1, 2 என்றே விழுந்தால், அதைத் திட்டம் போட்டுச் சரிசெய்ய முடியாது. நேரே கிளினிக்குக்குப் போங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது தெரியவந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவு, இரத்தசோகை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு எல்லாமே "தெம்பில்லை" என்ற ஒரே வார்த்தையில் ஒளிந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் மருத்துவர்.

காலமறிதல்: கருவியிடம் எப்படிக் கேட்பது?

செக்ரோல் தயார். அடுத்து, உங்கள் வேலைகளை மூன்று கட்டாகப் பிரியுங்கள். கூர்மை வேண்டியவை: கணக்கு முடிப்பது, அறிக்கை எழுதுவது, படிப்பது. கைப்பழக்கத்தில் ஓடுபவை: கோப்பு அடுக்குவது, வாட்ஸ்அப் பதில்கள், பில் கட்டுவது. பேச்சு வேண்டியவை: கூட்டம், தொலைபேசி, வாடிக்கையாளர். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதுங்கள். மாற்ற முடியாத நேரங்களைத் தனியே குறியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக்காக, நீலாயில் குடியிருந்து கோலாலம்பூரில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரியை நினைத்துக்கொள்வோம். காலையில் கம்யூட்டர் ரயில், 8.30 முதல் 5.30 வரை அலுவலகம், மறுபடியும் ரயில், வீடு வர 7 மணி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். அவர் இப்படிக் கேட்கலாம்:

"நான் ஒரு கணக்கர். சிரம்பானுக்கு அருகில் வசிக்கிறேன். கீழே இருப்பது என் 14 நாள் தெம்புப் பதிவு. அதற்குக் கீழே என் வேலைப் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும். அலுவலக நேரத்தையும் ரயில் பயணத்தையும் மாற்ற முடியாது. என் பதிவில் இல்லாததை ஊகிக்க வேண்டாம். தெரியாவிட்டால் என்னிடம் கேட்கவும். ஒவ்வொரு வேலையையும் அந்த நேரத்தில் வைத்ததற்கு ஒரு வரிக் காரணம் சொல்லவும். நாளில் ஒரு மணி நேரத்தை வேலை எதுவும் இல்லாமல் விட்டுவைக்கவும்."

அவருடைய பதிவில் 9.30 முதல் 11.30 வரை புள்ளி 5, பிற்பகல் 2 முதல் 3.30 வரை 2, மாலை 4.30-க்குப் பிறகு 4, இரவு 9-க்குப் பிறகு 1 என்று இருக்கட்டும். ஆனால் அவர் இப்போது என்ன செய்கிறார்? காலையின் அந்தப் பொன்னான இரண்டு மணி நேரத்தை மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் செலவழிக்கிறார். மாதக் கணக்கைப் பிற்பகல் 3 மணிக்கு எடுக்கிறார். தப்பு வருகிறது. அதைத் திருத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறார். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை இரவு 9 மணிக்கு, புள்ளி 1-இல் இருக்கும்போது பார்க்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்த விவரம் கையில் கிடைத்தால், கருவி செய்யக்கூடிய மாற்றம் எளியது. மாதக் கணக்கு காலை 9.30-க்கு. மின்னஞ்சலும் கோப்பும் பிற்பகல் 2-க்கு. தொலைபேசிப் பேச்சு 4.30-க்கு. திரும்பும் ரயிலில் வேலை இல்லை, கண்ணை மூடிக்கொள்ளலாம். வீட்டுப்பாடம் 7.30-க்கு, சமையல் நடக்கும்போதே அடுப்படி மேசையில். வேலை ஒன்றும் குறையவில்லை. இடம் மட்டும் மாறியது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோன கணக்கு அலுவலகத்திலேயே முடிய வழி பிறக்கிறது.

தோட்டத்தில் மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டு கிடையாது. நம் வாழ்க்கையிலும் மழை நாள் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், ரயில் தாமதம், முதல் நாள் இரவு தூக்கமில்லை. ஆகவே "மழை நாள் திட்டம் ஒன்றும் கொடு; அன்றைக்குச் செய்தே ஆக வேண்டிய இரண்டு வேலை மட்டும் அதில் இருக்கட்டும்" என்று சேர்த்துக் கேளுங்கள். ஒரு வாரம் நடந்து பாருங்கள். எது ஒத்துவரவில்லை என்று கருவியிடம் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்பது தெரியாமல் போகும். எழுத வராத மூத்தவர்கள் வாயால் பேசியே கேட்கலாம். நம் ஊர்ப் பேச்சுத் தமிழும் மலாய்ச் சொற்களும் கலந்தால் கருவி சில சமயம் தடுமாறும். திரையில் பதிவானதை ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

கருவி எங்கே சறுக்கும்?

முதலாவது, கூட்டல் கணக்கு. எட்டு மணி நேரத்துக்குள் ஒன்பதரை மணி நேர வேலையைத் திணித்துவிட்டு அழகாகப் பட்டியல் போடும். பயண நேரத்தையும் தொழுகை, பூசை, சாப்பாட்டு நேரத்தையும் மறந்துவிடும். விரல்விட்டுக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, தன்னம்பிக்கை. தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லும். மருந்து, நோன்பு, கர்ப்பம் ஆகியவை பற்றி அது தரும் நேர ஆலோசனையை மருத்துவரிடம் கேட்காமல் ஏற்க வேண்டாம்.

மூன்றாவது, இரகசியம். அடையாள அட்டை எண், மருத்துவ அறிக்கை, உடன் வேலை செய்பவர்களின் பெயர், நிறுவனத்தின் கணக்கு விவரம் எதையும் அதில் போட வேண்டாம். "45 வயதுப் பெண், கணக்கர்" என்பதே போதும்.

நான்காவது, வெற்றிடம் கண்டால் நிரப்பும் குணம். சும்மா இருக்கும் அரை மணி நேரத்தைப் பார்த்தால், "இங்கே ஓர் இணையப் பாடம் படிக்கலாமே" என்று ஆசை காட்டும். அதனால்தான் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவைக்கும்படி முதலிலேயே கேட்கச் சொன்னேன்.

இடனறிதல்: நேரம் யார் கையில்?

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, "அம்மா, நான் செனவாங் தொழிற்சாலையில் மாற்றுவேளைக்காரன். என் நேரத்தை நானா வைக்கிறேன்?" என்று ஓர் ஐயா கேட்டால், அது முற்றிலும் நியாயமான கேள்வி. பல தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி செம்பனை. பெரட்டுக் களத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று வேறொருவர் போட்ட நேரப் பட்டியலில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கருவி எதைத் தரலாம்?

வேலை நேரத்தை மாற்ற முடியாவிட்டாலும், அதைச் சுற்றியுள்ள நேரத்தைத் திட்டமிடலாம். இரவு வேளை தொடங்குமுன் சிறு தூக்கம். காப்பியை இரவின் முதல் பாதியோடு நிறுத்துவது. காலையில் வந்ததும் திரைச்சீலை போட்டு அறையை இருட்டாக்கித் தூங்குவது. கண் சொக்கும்போது மோட்டார் சைக்கிளைத் தொடாமல் இருப்பது. உங்கள் ஒரு மாத வேளைப் பட்டியலைக் கொடுத்து, "எந்த நாளில் எப்போது தூங்கினால் எனக்கு மொத்தம் ஏழு மணி நேரம் சேரும்?" என்று கேட்டால், அது போட்டுக் காட்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. மனிதனின் உட்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. ஆகவே பகல், மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் வேளையை உடம்பு எளிதாக ஏற்கிறது. இரவு, மாலை, பகல் என்று பின்னோக்கிச் சுழன்றால் திண்டாடுகிறது. இதை மேற்பார்வையாளரிடம் எடுத்துச் சொல்வதில் தவறில்லை.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத்தின்படி, வாராந்திர வேலை நேரம் 48-லிருந்து 45 மணி நேரமாகக் குறைந்தது. வேலை நேரத்தை, நாட்களை அல்லது இடத்தை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம் என்று 60பி பிரிவு சொல்கிறது. முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லைதான். ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் வெறுங்கையோடு போய் நிற்பதைவிட, பதினான்கு நாள் செக்ரோலோடு போய், "காலை 8.30-க்குப் பதில் 7.30-க்கு வந்து 4.30-க்குப் போனால் என் வேலையில் தப்பு குறையும், இதோ கணக்கு" என்று சொல்வது வலுவல்லவா? கடிதத்தை மலாயில் அல்லது ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவும் இதே கருவி உதவும்.

தனி ஒருவர் கேட்பதற்கு எல்லை உண்டு. பி.பி. நாராயணன் போன்றவர்கள் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கி, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அதனால்தான். ஒரு பிரிவில் இருக்கும் பத்துப் பேர் தங்கள் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, "பிற்பகல் 3 மணிக்குத்தான் எல்லாருக்கும் தப்பு அதிகம்" என்று காட்டினால், அதற்கு எடை கூடும்.

நாளைக்கு நிறுவனங்களே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஊழியர்களின் நேரத்தை வகுக்கக்கூடும். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தக் கருவி யாருடைய தெம்பைப் பார்க்கிறது? இயந்திரத்தின் தெம்பையா, மனிதனின் தெம்பையா?

மரத்துக்கும் ஓய்வு உண்டு

ரப்பர் மரத்தை நாள்தோறும் ஓயாமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். பட்டை வறண்டுவிடும். கத்தி வைத்தாலும் பால் வராது. அதற்காகத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை பரவியது. இலையுதிர் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஓய்வு கொடுத்தது இரக்கத்தால் அல்ல. நாளைக்கும் பால் வேண்டும் என்ற கணக்கால்.

நம் உடம்புக்கும் அதே கணக்கைப் போடுவோம். செயற்கை நுண்ணறிவு மிச்சப்படுத்திக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் இன்னொரு வேலையை ஏற்றிக்கொண்டால், நம் மரத்தை நாமே இரட்டை வெட்டு வெட்டுகிறோம் என்று பொருள். அந்த ஒரு மணி நேரம் தூக்கத்துக்குப் போகட்டும். பிள்ளையோடு பேசுவதற்குப் போகட்டும். பதினைந்து இருபது நிமிடம் கண்ணயர்வதற்குப் போகட்டும். அதற்கு மேல் நீண்டால் எழும்போது தலை கனக்கும் என்பதால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு 555 புத்தகமும் பதினான்கு நாள் பொறுமையும்தான். வரும் திங்கட்கிழமை காலை 7 மணிக்கு முதல் புள்ளியைப் போட்டுவிடுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களையும் போடச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தப் புத்தகங்களைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துப் பாருங்கள். யாருக்கு எப்போது தெம்பு, யாருக்கு எப்போது சோர்வு என்று தெரிந்தாலே, எந்த நேரத்தில் யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதியைக் கருவியிடம் கேட்டுக்கொள்ளலாம்.